அரை இஞ்ச் கப்ளர் என்று கேட்டால் போதுமா?



எந்தக் கம்பெனி சின்ன டிராக்டராக இருந்தாலும் அதன் பின்பக்கம் இரண்டு விஷயங்களைப் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். ஒன்று பி.டி.ஓ. ஷாஃப்ட். 35 மி.மீ. விட்டம், ஆறு ஸ்ப்ளைன், நிமிடத்துக்கு 540 சுற்று. இன்னொன்று த்ரீ பாயிண்ட் லிங்கேஜ். கேட்டகிரி 1 என்றால் கீழ்க் கைகளின் பின் 22 மி.மீ. சுமார். அதனால்தான் பக்கத்து ஊரில் வாங்கிய ரோட்டவேட்டரை நம் ஊர் வண்டியில் மாட்டி ஓட்ட முடிகிறது. தகராறு வருவது மூன்றாவது இணைப்பில். டிப்பர் டிரெய்லர், ரிவர்சிபிள் கலப்பை, முன்பக்க லோடர் ஆகியவற்றின் ஹைட்ராலிக் ஹோஸை மாட்டுகிற குயிக் கப்ளரைத்தான் சொல்கிறேன்.

இதன் வேலை எளிது. பெண் பாதியில் ஒரு ஸ்லீவ், அதற்குள் வட்டமாக ஸ்டீல் குண்டுகள், நடுவில் ஸ்பிரிங் வைத்த பாப்பெட் வால்வு. ஆண் பாதியில் வெளியே ஒரு காடி, உள்ளே அதே மாதிரி ஒரு பாப்பெட். உள்ளே தள்ளினால் குண்டுகள் காடியில் விழுந்து பிடித்துக்கொள்ளும். இரண்டு பாப்பெட்டுகளும் மூக்கோடு மூக்கு முட்டி ஒன்றையொன்று திறந்துவிடும். கழற்றினால் இரண்டும் மூடிக்கொள்ளும், ஆயில் கொட்டாது.

இப்போது கடைக்குப் போய் "அண்ணே, அரை இஞ்ச் கப்ளர் ஒண்ணு கொடுங்க" என்று கேட்கிறோம். அவரும் எடுத்துக் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்து பார்த்தால் மாட்டவில்லை. ஏன்? அரை இஞ்ச் என்பது பாதி விலாசம்தான். தெருப் பெயரைச் சொல்லிவிட்டு ஊர்ப் பெயரை விட்டுவிட்டோம்.

முதலில் வரிசை. ஐ.எஸ்.ஓ. 7241 என்ற ஸ்டாண்டர்டில் ஏ, பி என்று இரண்டு வரிசைகள். ஏ வரிசைதான் விவசாய வண்டிகளில் வருவது. அமெரிக்காவில் 'பயனீர்' என்ற பெயரில் பரவிய வடிவம் இது. ஒரு காலத்தில் அங்கே ஜான் டீருக்கு ஒரு முனை, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருக்கு வேறு முனை என்று இருந்தது. டிராக்டருக்கென்றே உள்ள ஐ.எஸ்.ஓ. 5675-ம் இந்த ஏ வரிசை அரை இஞ்ச் முனையோடு பொருந்துகிற மாதிரிதான் எழுதப்பட்டிருக்கிறது. பி வரிசை ஃபேக்டரி மெஷின்களுக்கு. ஐ.எஸ்.ஓ. 16028 என்று 1999-இல் வந்த மூன்றாவது வகைக்கு முகம் தட்டையாக இருக்கும். தூசியைத் துடைத்துவிட்டு மாட்டலாம், சொட்டும் மிகக் குறைவு. ஸ்கிட் ஸ்டியர் லோடர்களில் இதைப் பார்க்கலாம். மூன்றிலும் அரை இஞ்ச் உண்டு, ஆனால் ஒன்று இன்னொன்றில் மாட்டாது.

அடுத்தது மரை, அதாவது திரெட். கப்ளரின் முன்பக்கம் ஏ வரிசை அரை இஞ்ச்சாக இருக்கும்போதே பின்பக்க மரை அரை இஞ்ச் பி.எஸ்.பி., அரை இஞ்ச் என்.பி.டி., எம் 22, ஓ-ரிங் வைத்த முக்கால் இஞ்ச் யு.என்.எஃப். என்று எதுவாகவும் இருக்கலாம். ஜப்பான்காரர்கள் பி.எஃப்., பி.டி. என்று சொல்கிற மரைகள் பி.எஸ்.பி. குடும்பம்தான். அமெரிக்க லோடர் என்றால் என்.பி.டி. எதிர்பார்க்கலாம். இங்கேதான் ஒரு பொல்லாத ஒற்றுமை இருக்கிறது. அரை இஞ்ச் அளவில் பி.எஸ்.பி.க்கும் என்.பி.டி.க்கும் இஞ்ச்சுக்கு 14 மரைதான். கோணம் மட்டும் 55 டிகிரி, 60 டிகிரி. அதனால் ஒன்றை இன்னொன்றில் திருகினால் இரண்டு மூன்று சுற்று சமர்த்தாக ஏறும், பிறகு இறுகும். டெஃப்லான் டேப் நாலு சுற்று சுற்றி ஸ்பேனருக்குப் பைப் போட்டு இறுக்கினால் 'பிடிச்சிருச்சு' என்று தோன்றும். 150 பார் வந்ததும் ஒழுகும், இல்லாவிட்டால் வால்வு பாடி விரிசல் விடும். கால் இஞ்ச்சில் இந்த ஏமாற்று இல்லை, அங்கே 19-ம் 18-ம். பிட்ச் கேஜை லேப் எக்ஸாமுக்கு மட்டும் தொடுகிற நாம் இந்த இடத்தில் கோணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, எந்த அளவு? இதை மரையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, பம்ப்பைப் பார்த்துத்தான். நிமிடத்துக்கு 30 லிட்டர் தள்ளும் பம்ப் என்று வையுங்கள், வினாடிக்கு 500 கன செ.மீ. ஆகிறது. 6.3 மி.மீ. துளையில் அதன் வேகம் வினாடிக்கு 16 மீட்டர், 10 மி.மீ.யில் 6.4, 12.5 மி.மீ.யில் 4.1. பிரஷர் லைனில் 5, 6 மீட்டருக்குள் வைப்பது வழக்கம். பாப்பெட் நடுவில் நிற்பதால் கப்ளருக்குள் உண்மையான வழி இதைவிடக் குறுகலானது. ஒரே ஓட்டத்துக்கு பிரஷர் இழப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் மாறும் என்று தோராயமாக எடுத்தால், 12.5-க்குப் பதில் 10 போட்டால் இழப்பு இரண்டரை மடங்கு. 30 லிட்டர் ஓட்டத்தில் 10 பார் வீணானால் 500 வாட் வெப்பமாகப் போகிறது. நாள் முழுக்க ஆயிலுக்குள் அரை கிலோவாட் ஹீட்டர்!

20 லிட்டர் பம்ப் உள்ள குட்டி வண்டிக்கு 10 மி.மீ.யே போதும் என்று கணக்கு சொல்லும், வேகம் 4.2 மீட்டர்தான். ஆனாலும் என் கட்சி அரை இஞ்ச். வாடகைக்கு வரும் டிரெய்லர் எல்லாம் அரை இஞ்ச் முனையோடு வரும்போது நம் வண்டி மட்டும் தனிக்குடித்தனம் நடத்த முடியாது. ஆக, பின்பக்கத்துக்கு ஐ.எஸ்.ஓ. 7241 ஏ, 12.5, டிராக்டர் பக்கம் பெண், கருவி பக்கம் ஆண். போர்ட்டில் என்ன மரை இருந்தாலும் அதற்கு ஒரு அடாப்டரை நிரந்தரமாகப் போட்டுவிட்டு அதன் மேல் இதையே வையுங்கள். கடையில் நாலையும் சேர்த்தே கேளுங்கள்: "ஏ வரிசை, அரை இஞ்ச் பாடி, பெண், பின்பக்கம் அரை பி.எஸ்.பி."

லோடருக்கு மட்டும் நான் வேறு மாதிரி சொல்வேன். ஒரு சிலிண்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களில் ஒன்றில் ஆண், ஒன்றில் பெண் வைக்க வேண்டும். மாற்றி மாட்டவே முடியாது, லிவரைத் தூக்கினால் பக்கெட் இறங்குகிற கூத்து இல்லை. கழற்றி வைக்கும்போது அந்த இரண்டையும் ஒன்றோடொன்று மாட்டியும் வைக்கலாம். தூசி போகாது, ஒரு ஹோஸில் மட்டும் பிரஷர் அடைபட்டு நிற்காது. வெயிலில் நிற்கும் கருவிக்கு இது முக்கியம். அடைபட்ட ஆயில் 1 டிகிரி சூடானால், விரியாத குழாயில் ஏறக்குறைய 10 பார் ஏறும். ரப்பர் ஹோஸ் கொஞ்சம் விரிவதால் அது குறையும், ஆனாலும் மத்தியானம் மாட்டப் போனால் கப்ளர் அசையாது. உடனே சுத்தியல் வரும், இல்லாவிட்டால் ஹோஸ் நட்டை லூஸ் பண்ணுவார்கள். தயவுசெய்து வேண்டாம். ஊசித் துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் விரலோ கையோ போய்விடும். ஒழுக்கைத் தேட அட்டையைப் பிடியுங்கள், கையை அல்ல. கழற்றும் முன்பு கருவியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லிவரை இரண்டு பக்கமும் நாலு தடவை ஆட்டினாலே பிரஷர் போய்விடும்.

ரிட்டர்ன் லைன் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். லோடர் வால்வையே வண்டியிலிருந்து கழற்றும் அமைப்பு என்றால் பம்ப்பிலிருந்து வரும் லைன், டேங்குக்குப் போகும் லைன் இரண்டிலும் கப்ளர் இருக்கும். டேங்க் கப்ளர் சரியாக உட்காமல் போனால் என்ன ஆகும்? "ரிலீஃப் வால்வு இருக்கே" என்போம். அது திறந்து ஆயிலை எங்கே விடும்? அதே டேங்க் வழியில்தான்! அந்த வழி அடைந்திருக்கிறது. குறைந்த பிரஷருக்காக வார்த்த பகுதியில் முழு பிரஷரும் ஏறி ஓ-ரிங் பிதுங்கும், வால்வு பாடியே வெடிக்கலாம். முடிந்தால் டேங்க் லைனில் கப்ளரே வேண்டாம். தவிர்க்க முடியாது என்றால் இந்த ஒரு இடத்தில் வேண்டுமென்றே முக்கால் இஞ்ச் போடுங்கள், பிரஷர் ஹோஸ் அதில் ஏறவே கூடாது. மாட்டும்போது அதை முதலில், கழற்றும்போது கடைசியில்.

இன்னொரு நோய்: டிரெய்லர் தூக்கும், இறங்காது. பம்ப்பைக் குறை சொல்வதற்கு முன் கப்ளரைப் பாருங்கள். குண்டுகளோ காடியோ தேய்ந்தால் ஆண் பாதி முழுசாக உள்ளே நிற்காது, பாப்பெட் அரைகுறையாகத் திறந்திருக்கும். ஏறும்போது பம்ப் எப்படியோ தள்ளிவிடும். இறங்கும்போது திரும்பி வரும் ஆயிலே பாப்பெட்டைத் தள்ளி மூடிவிடும். லோடோடு நிற்கும் தொட்டிக்குக் கீழே புகுந்து கப்ளரைத் தட்டுவதுதான் பலர் முதலில் செய்வது. அதற்கு முன் தொட்டிக்குக் கட்டாயம் முட்டு கொடுக்க வேண்டும், ஜாக்கி இல்லை, சரியான முட்டு. பிறகு எஞ்சினை நிறுத்தி, லிவரை இறக்கும் பக்கம் வைத்துவிட்டு, கப்ளர் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்த ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றினால் பாதி நோய் அப்படியே இருக்கும். இரண்டையும் மாற்றுங்கள், டஸ்ட் கேப்பையும் சேர்த்தே வாங்குங்கள்.