பழைய ஆம்பிளிபயரும் முரட்டு ஸ்பீக்கரும்

கொச்சியில் தேவராவினின்று மகாத்மா காந்தி சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் பள்ளிமுக்கை அடைவர். மின்னணுச் சாமான் கடைகள் நெருங்கி நிற்கும் இடம் அது. சென்னைக்கு ரிச்சி தெருவும், பெங்களூருக்கு எஸ்.பி. சாலையும், மும்பைக்கு லாமிங்டன் சாலையும் எவ்வாறோ, அவ்வாறே எறணாகுளத்துக்குப் பள்ளிமுக்கு. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர், மாலைவேளையில் கச்சேரி ஒன்றை வீட்டில் நிறைவாகக் கேட்க விழையும்போது, புது ஆம்பிளிபயரின் விலை மலைப்பைத் தருகிறது. பழையது ஒன்றைத் தேடுகின்றனர். 1973-ஆம் ஆண்டு எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின் வளைகுடா நாடுகளுக்குச் சென்று திரும்பியோர் கொணர்ந்த ஜப்பானியக் கருவிகளும் கேரளத்தில் இவ்விதம் கைமாறுவதுண்டு.

வாங்குவோர் முதலில் நோக்குவது முகப்பில் பொறித்த வாட் எண்ணையே. அந்த எண் மட்டும் போதுமா?

ஸ்பீக்கர் இரு விதங்களில் முரண்டு பிடிக்கும். சில பெட்டிகள் கொடுத்த சக்திக்குக் குறைந்த ஒலியே தரும். பி.பி.சி. நிறுவனம் தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970-களில் வகுத்த எல்.எஸ். 3/5ஏ என்னும் சிறு பெட்டி அவ்வகையது. 89 டெசிபெல் தரும் பெட்டியோடு 83 டெசிபெல் பெட்டி சமமாக ஒலிக்க நான்கு மடங்கு வாட் வேண்டும். இங்கே வாட் கணக்கு சரியே.

மற்ற வகைதான் கடினமானது. '8 ஓம்' என்று எழுதியிருப்பினும் அந்த அளவு எல்லாச் சுருதிகளிலும் ஒரே நிலையில் நிற்பதில்லை. 1957-இல் இங்கிலாந்தில் வெளிவந்த குவாட் நிலைமின் ஸ்பீக்கரில் மிக உயர்ந்த சுருதிகளில் அது ஏறத்தாழ 2 ஓமுக்கு இறங்கிவிடும். ஓம் குறைவது குழாயின் வாய் அகல்வது போன்றது. தொட்டியில் நீர் இருந்தால் அன்றோ குழாய் நிறைந்து ஓடும்? 20 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டரை ஆம்பியர் கேட்கிறது. 4 ஓம் ஆயின் ஐந்து, 2 ஓம் ஆயின் பத்து. கொடுக்க இயலாத ஆம்பிளிபயர் அலையின் உச்சியை வெட்டிவிடும். மிருதங்கத்தின் தொப்பி நாதம் சுருங்கும், வயலின் கரகரக்கும். அப்பொழுதும் குமிழை மேலே திருகினால் பெரும்பாலும் எரிவது ட்வீட்டர். சிறிய ஆம்பிளிபயர் பெரிய ஸ்பீக்கரைக் கெடுக்காது என்னும் நம்பிக்கை பலரிடம் உண்டு. அது தவறு.

ஆகவே 8 ஓமுக்கும் 4 ஓமுக்கும் தந்துள்ள வாட் எண்களை ஒப்பிடுக. 50 வாட் 90 ஆக உயர்ந்தால் உள்ளே வலுவுண்டு. 60-லேயே நின்றால் சந்தேகிக்க வேண்டும். 1978-இல் வந்த என்.ஏ.டி. 3020 என்னும் எளிய கருவிக்கு 20 வாட் என்றே பெயர். ஆயினும் கணநேர உச்சங்களில், 2 ஓமுக்கு, அதைப்போல் மூன்று மடங்கும் தரவல்லது. தூக்கிப் பார்ப்பதும் நல்ல சோதனையே. கனம் என்பது டிரான்ஸ்பார்மரின் இரும்பும் செம்பும். (இக்கால ஸ்விட்ச் முறைக் கருவிகளுக்கு இவ்விதி பொருந்தாது.) திருமணப் பந்தல்களில் ஓய்ந்த ஆம்பிளிபயர்கள் மலிவாகக் கிடைக்கும், அவற்றின் 100 வோல்ட் முனையில் வீட்டு ஸ்பீக்கரை ஒருபோதும் இணைக்கலாகாது.

பின்புறத்தில் வோல்ட் அளவையும் காண்க. ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120; நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் புகைதான். முதல் முறை மின்சாரம் தரும்போது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைக்கச் சொல்லுங்கள். மெக்கானிக்குகள் அறிந்த முறையே. பல்பு ஒருகணம் ஒளிர்ந்து மங்கினால் நன்று; பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். அடுத்து, ஸ்பீக்கரை இணைக்காமல், ஒலிக் குமிழைப் பூஜ்யத்தில் வைத்து, வெளியீட்டு முனைகளில் மல்டிமீட்டரால் டி.சி. அளவை நோக்குக. 50 மில்லிவோல்ட்டுக்குள் இருப்பின் கவலையில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் அக்கருவி ஸ்பீக்கரை எரிக்கும். விலை எத்துணை மலிவாயினும் விட்டுவிடுக.

குமிழ் கரகரப்பது பெரும்பாலும் தூசியே. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். கடலோர ஊர்களில் மூடியைத் திறந்து பார்க்காமல் பணம் தரலாகாது. உப்புக் காற்றினால் முனைகளில் படரும் பச்சைக் களிம்பும், உப்பிய பெரிய கபாசிட்டர்களும் வெளியே தெரியா.