டிக்கெட்டுக்குப் பதில் நிலம்

டீயை ஆற்றிக் குடி தம்பி, நீ கேட்டதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவுக்குப் போன கூலிகளுக்கு வெள்ளைக்காரன் நிலம் கொடுத்தானாமே என்கிறாய். கொடுப்பதாகச் சட்டத்தில் இருந்தது.

நம் ஆத்தூர்ப் பக்கத்து ஜனம் மழை பொய்த்தால் கண்டிச் சீமைக்குப் போனது, மலேயாவுக்குப் போனது. கங்காணி வந்து முன்பணம் கொடுத்து அழைத்துப் போவார். தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நேட்டாலுக்கு மதராஸிலிருந்து கப்பல். அதில் வட ஆற்காடு, சித்தூர்ப் பக்கத்து ஆட்கள் அதிகம்.

அவர்களுக்குப் பத்து வருடம் முன்னாலேயே நேட்டாலில் ஒரு குடியேற்றம் நடந்திருந்தது. 1849 முதல் 1851 வரை ஜோசப் பர்ன் என்பவர் பிரிட்டனில் ஆள் சேர்த்தார். 10 பவுண்டு கட்டினால் கப்பல் பயணம், கூடவே ஆளுக்கு 20 ஏக்கர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். நிலத்தில் பாதி கல்லும் கரடும்தான். பர்ன் திவாலானார், பலர் காட்டைப் போட்டுவிட்டு டவுனுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் வந்து இறங்கும்போதே அவர்கள் குடியேறிகள். இதை மனதில் வைத்துக்கொள்.

பிறகு கரும்பு வந்தது. ஜூலு மக்களுக்குச் சொந்தமாக மாடும் காடும் இருந்ததால், வருடக்கணக்கில் தோட்டத்தில் கட்டுண்டு கிடக்க அவர்கள் வரவில்லை. அதனால் 1859-ல் சட்டம் போட்டு இந்தியக் கூலிகளை வரவழைத்தார்கள். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் டர்பனில் 342 பேரை இறக்கியது. தொடக்கக் கூலி மாதம் 10 ஷில்லிங், மேலே அரிசி பருப்பு.

பத்து வருடம் இருந்தால் ஊர் திரும்ப இலவச டிக்கெட். வேண்டாமென்றால் அந்த டிக்கெட் விலைக்கு ஈடாக அரசாங்க நிலம். பர்ன் ஆட்களுக்கு நிலம் குடியேறுவதற்கு. நம் ஆட்களுக்கு நிலம், அரசாங்கத்துக்குக் கப்பல் செலவு மிச்சமாவதற்கு. டிரினிடாட்டிலும் 1869-க்குப் பிறகு இதே கணக்குதான், பத்து ஏக்கர் காட்டி டிக்கெட்டை வாங்கிக்கொண்டார்கள். நேட்டாலில் அந்த நிலத்தையும் கண்டவர்கள் மிகச் சிலரே. 1891-ல் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள்.

ஏன் என்றா கேட்கிறாய்? ஒப்பந்தம் முடித்தவர்கள் டர்பனைச் சுற்றியிருந்த புதர்க்காட்டைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டார்கள், கூடையில் சுமந்து தெருவில் விற்றார்கள். தோட்டத்தில் கூலியாக இருந்தவரை வேண்டியவர்கள், பக்கத்து வயல்காரர் ஆனதும் வேண்டாதவர்கள் ஆனார்கள். 1895-ல் அடுத்த சட்டம் வந்தது. அதன் பிறகு வருபவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பிப் போக வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தத்தில் சேர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வருடம் 3 பவுண்டு வரி. அதாவது முதல் வருடக் கூலியில் ஆறு மாதச் சம்பளம். அதுவும் வீட்டுக்கு அல்ல, தலைக்கு! 1903-ல் வளர்ந்த பிள்ளைகள் தலையிலும் அது விழுந்தது.

காந்தி 1913-ல் நடத்திய போராட்டத்தில் இந்த வரியை நீக்குவதுதான் முக்கியக் கோரிக்கை. நிலக்கரிச் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் வேலையை நிறுத்தியவர்களில் நம் மொழி பேசியவர்கள் ஏராளம். அதே போராட்டத்தில் சிறைபோன தில்லையாடி வள்ளியம்மை அங்கே காய்ச்சல் கண்டு, வெளியே வந்த சில நாட்களில், 1914 பிப்ரவரியில் இறந்துபோனார். அந்த வருடமே வரியை நீக்கினார்கள். நிலப் பிரிவு மட்டும் திரும்பி வரவில்லை. டர்பனின் கேட்டோ மேனர் போன்ற இடங்களில் காய்கறிக்காரர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தாங்களாகவே வாங்கிய காணியையும், 1950-ன் இனவாரிப் பகுதிச் சட்டம் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து அவர்களைக் கிளப்பியது.