காகிதக் கூழும் கழிவு நூலும்

வெந்தயத்தையும் பழைய பேப்பரையும் ஊறவைத்து, ஆட்டுக்கல்லில் அரைத்து, கவிழ்த்த பாத்திரத்தின் மேல் அப்பிக் காயவைத்து எடுத்த கூடைகள் ஒரு காலத்தில் தென்மாவட்டத்து வீடுகளில் சாதாரணமாக இருந்தன. வற்றல், வடகம், பருப்பு எல்லாம் அதில்தான். மூங்கில் முறத்தின் இடுக்குகளை அடைத்து மெழுகியதும் இதே கூழால்தான். பிளாஸ்டிக் டப்பா வந்தது. கூடை பரணுக்குப் போனது. அதே வேலை இப்போது ‘மிக்ஸட் மீடியா’ என்ற பெயரோடும் பயிற்சிக் கட்டணத்தோடும் திரும்பி வந்திருக்கிறது.

பெயர் புதிது என்றாலும் சங்கதி எளிமையானது. இயல்பில் வேறுபட்ட பல பொருள்களை ஒரே படைப்பில் சேர்ப்பதுதான் மிக்ஸட் மீடியா. ஐரோப்பாவில் இதற்குத் தொடக்கமாகக் காட்டப்படுவது பிக்காசோ 1912இல் செய்த ஓர் ஓவியம். பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியை ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதில் கயிற்றைச் சுற்றிவிட்டார். நம் தஞ்சாவூர் ஓவியமோ அதற்கும் முன்பிருந்தே பலாப்பலகை, துணி, சுண்ணாம்புப் பொடியும் பசையும் குழைத்த மேடு, தங்கத் தகடு, கண்ணாடிக் கற்கள் என்று அத்தனையையும் ஒரே பரப்பில் சேர்த்து வருகிறது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் இப்படித்தான். மேலே எடையே இல்லாத காகிதக் கூழ், அடியில் கனமான களிமண். இந்த இரண்டின் எடை வித்தியாசத்தில்தான் அதன் ஆட்டமே இருக்கிறது.

தறி ஊரின் கழிவு

கைவினைக்கு என்ன பொருள் வாங்கலாம் என்று கடைக்குப் போகும் முன், ஊர் எதைத் தள்ளிவிடுகிறது என்று பார்ப்பது நல்லது. எடுத்துக்காட்டாக, சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் பேர்போனது. அதே அளவுக்கு விசைத்தறிக்கும் காட்டன் சேலைக்கும் பேர்போனது. தறி ஓடும் தெருவில் கழிவும் தறி தொடர்பானதாகத்தான் இருக்கும். ஒரு பாவு (தறியின் நீளவாட்டு நூல்) முடிந்து அடுத்த பாவைப் பிணைக்கும்போது வெட்டி எறியும் நூல் குச்சங்கள், நூல் தீர்ந்த காகிதக் கோன்கள், சேலை மடிப்புக்குள் வைக்கும் அட்டைகள். நூல் கழிவில் ஒரு பங்கு மெக்கானிக் கடைகளில் கிரீஸ் துடைக்கும் ‘வேஸ்ட்’ ஆகிறது. வடக்கே ராஜபாளையம் தாண்டினால் சிவகாசி. அங்கே அச்சாகி வருகிற தினசரி காலண்டர்களின் தடித்த படஅட்டைகள் தை பிறந்ததும் வீட்டுக்கு வீடு மிஞ்சும்.

ஆக, இந்த ஊரில் காசில்லாமல் கிடைப்பவை இரண்டு: காகிதமும் நூலும். இரண்டும் பெரும்பாலும் ஒரே வேதிப்பொருள்தான். பருத்தியும் மரக்கூழும் செல்லுலோஸ் இழைகளே. காகிதம் பிறந்ததே கந்தலிலிருந்துதான். சீனாவில் கி.பி. 105இல் சாய் லுன் என்ற அரண்மனை அதிகாரி கந்தல் துணி, பழைய மீன்வலை, மரப்பட்டை ஆகியவற்றை இடித்துக் காகிதம் செய்து மன்னருக்குக் காட்டினார் என்பது வரலாற்றுக் குறிப்பு.

காகிதம் ஏன் தானாக ஒட்டுகிறது?

நனைத்த காகிதத்தைப் பிசைந்து உருட்டிக் காயவைத்தால், பசை சேர்க்காவிட்டாலும் அது கெட்டியாகிவிடும். செல்லுலோஸ் இழையின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைந்திருக்கின்றன. தண்ணீர் இடையில் புகும்போது இழைகள் விலகி மிதக்கின்றன. தண்ணீர் ஆவியாகும்போது அவை ஒன்றையொன்று நெருங்கி, ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்கின்றன. ஒரு பிணைப்பு மிக வலுவற்றது; கோடிக்கணக்கில் சேரும்போது அது அட்டையாகிறது.

எல்லாக் காகிதமும் ஒன்றல்ல. செய்தித்தாளின் இழை குட்டை. மரத்தை அப்படியே அரைத்துச் செய்வதால் லிக்னின் மிகுந்திருக்கும், அதனால் சீக்கிரம் பழுக்கும். ஆனால் கூழ் மிருதுவாக வரும். பழுப்பு அட்டைப்பெட்டியின் இழை நீளமானது. கூழ் சொரசொரப்பாக இருந்தாலும் வலு அதிகம். பளபளப்பான வார இதழ்த்தாளில் களிமண் பூச்சு உண்டு. அது மேல்பூச்சுக்கு ஆகும், அடிப்படைக் கூழுக்கு ஆகாது. இன்னொன்று, காகிதத்தைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிக்க வேண்டும். கிழித்த ஓரத்தில்தான் இழை முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவைதான் அடுத்த துண்டைப் பற்றும்.

வெந்தயத்தின் வேலை இங்கேதான் வருகிறது. ஊறிய வெந்தயத்தின் வழவழப்பு காலக்டோமன்னன் என்ற மாவுச்சத்துக் குடும்பத்துப் பொருள். அது இழைகளுக்கு நடுவே நிரம்பிக் கூழைக் குழைவாக்குகிறது, காய்ந்தபின் பசையாக நிற்கிறது. அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பது பாட்டிமார் நம்பிக்கை. வெந்தயம் விலை கூடினால் புளியங்கொட்டை இருக்கிறது. வறுத்து, தோல் நீக்கி, பொடித்து, தண்ணீரில் காய்ச்சினால் அருமையான பசை. துணி ஆலைகளில் பாவு நூலுக்குக் கஞ்சி போடவும் இதே புளியங்கொட்டைப் பொடி பயன்பட்டிருக்கிறது.

நூல் சேர்ந்தால் என்ன ஆகும்?

காகிதக் கூழை அழுத்தினால் தாங்கும். வளைத்தால் விரிசல் விடும். நூலை இழுத்தால் தாங்கும், நிறுத்தினால் நிற்காது. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது. மண்சுவருக்கு வைக்கோல் கலந்து மிதித்தார்களே, அதே தத்துவம். பொறியியலில் இதைக் கலப்புப் பொருள் என்பார்கள். கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த ஃபைபர் படகு முதல் விமான இறக்கை வரை இந்த வழிதான்.

ஆனால் எந்த நூலும் சரிவராது. பருத்தி நூல் தண்ணீரை உறிஞ்சும், கூழோடு ஒட்டும். கஞ்சி போட்ட பாவு நூலாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தக் கஞ்சி ஈரத்தில் இளகித் தானே பசையாகும். பாலியெஸ்டர் நூல் தண்ணீரைத் தீண்டாது. காய்ந்தபின் கூழிலிருந்து உருவினால் வந்துவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி: சிறு துண்டைக் கிடுக்கியில் பிடித்துப் பற்றவையுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டிக் குண்டுமணியாகும். பாலியெஸ்டரை எறிய வேண்டாம், மேலே அலங்காரப் பின்னலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கிண்ணம் செய்து பார்ப்போம்

கிழித்த பேப்பரை வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறவையுங்கள். ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தனியாக ஊறப்போடுங்கள். காலையில் இரண்டையும் தாராளமாகத் தண்ணீர் விட்டு அரையுங்கள். தண்ணீர் குறைந்தால் மிக்ஸி மோட்டார் சூடேறும். கழிவு நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, அரைத்த பிறகு கையால் கலக்குங்கள். முன்பே போட்டால் பிளேடில் சுற்றிக்கொள்ளும். துணியில் கட்டிப் பிழிந்தால், உருண்டை பிடித்து நிற்கும் பதத்துக்கு வரும்.

வாய் அகன்ற எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலே எண்ணெய் தடவி, கூழை 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனத்துக்கு அப்புங்கள். கழுத்து குறுகிய செம்பை எடுத்துவிடாதீர்கள்; காய்ந்த கூழ் சுருங்கி இறுக்கிக்கொள்ளும், கழற்ற முடியாது. முதல் நாள் நிழல், அடுத்த நாள் வெயில். அப்பியவுடன் வெயிலில் வைத்தால் வெளித்தோல் முந்திச் சுருங்கி வெடிக்கும். ஐப்பசி அடைமழையில் செய்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். கனமாக வேண்டுமென்றால் ஒரே தடவையில் அப்பாமல், ஒன்று காய்ந்தபின் அடுத்த பூச்சு.

பிறகு சேர்க்கும் வேலை. காலண்டர் அட்டையில் வெட்டிய இலைகள், சேலைக் கரைத் துண்டு, உடைந்த வளையல். வெள்ளைப் பசை தன் நீரை எதற்காவது கொடுத்தால்தான் பிடிக்கும். காகிதம், துணி, மரம் உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் உறிஞ்சாது. அவற்றை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள், அல்லது துளையிட்டு நூலால் தையுங்கள். பல கலைப்பொருள்கள் சில மாதத்தில் உதிர்வது இந்த இடத்தில்தான். அச்சு மை இருப்பதால் இந்தக் கிண்ணத்தில் சாப்பாட்டுப் பொருளை நேரடியாகப் போட வேண்டாம். சாவி, ஊசி நூல், பொட்டு என்று வைக்கலாம்.

கற்பனை எங்கிருந்து வருகிறது?

கார்ல் டுங்கர் என்ற ஜெர்மன் உளவியலாளரின் சோதனை ஒன்று புகழ்பெற்றது. மெழுகுவர்த்தி, தீக்குச்சி, ஒரு பெட்டி நிறைய ஆணிகள். மெழுகுவர்த்தியைச் சுவரில் பொருத்த வேண்டும். பெட்டியையே சுவரில் அடித்து அதன்மேல் நிறுத்துவதுதான் விடை. ஆணிகள் பெட்டிக்குள் இருந்தபோது பலருக்கு அது தோன்றவில்லை. பெட்டியைக் காலியாக்கிக் கொடுத்தபோது அதிகம் பேர் கண்டுபிடித்தார்கள். ஒரு பொருளின் பழைய வேலை கண்ணை மறைக்கிறது. கழிவுப் பொருளின் பெரிய வசதி, அதன் பழைய வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்பதுதான். நூல் தீர்ந்த கோன் இனி கோன் இல்லை, கூம்பு. கோபுரமாகலாம், யானைத் தும்பிக்கையாகலாம், விளக்குக் கூடாகலாம்.

சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், உடைந்த வளையல், ஓடு, பீங்கான் துண்டுகளைச் சேர்த்துப் பல ஆண்டுகள் ரகசியமாக வளர்த்த சிலைத் தோட்டம் 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. கழிவுப் பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்யும் அரவிந்த் குப்தா தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு வடிவியல் கற்பித்தார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வால்வு டியூப் வளையும், ஆனால் பிடியை விடாது; அந்தக் குணத்தைக் கவனித்ததில்தான் அவருடைய தீக்குச்சி வடிவங்களை இணைக்கும் மூட்டுகள் பிறந்தன.

எனவே யோசனை வரவில்லையே என்று வெள்ளைத்தாள்முன் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் சேர்ந்த கழிவைக் கொட்டி, பெயரை விட்டுவிட்டுக் குணப்படி பிரியுங்கள்: தண்ணீர் உறிஞ்சுவது, உறிஞ்சாதது, இழுத்தால் தாங்குவது, அழுத்தினால் தாங்குவது, ஒளி விடுவது, மறைப்பது. பிறகு எதிரெதிர்க் குவியல்களிலிருந்து ஒவ்வொன்றை எடுத்து, இந்த இரண்டையும் எது சேர்த்துப் பிடிக்கும் என்று கேளுங்கள். பசையா, தையலா, முடிச்சா? அந்தப் பதிலே பாதி வடிவத்தைச் சொல்லிவிடும். மீதியைச் செய்யும்போது கை கண்டுபிடித்துக்கொள்ளும்.