உஷார்! உங்கள் குணத்தை அளக்க வரும் க்விஸ்

‘நீங்கள் எப்படிப்பட்டவர்? இரண்டே நிமிடத்தில் தெரிந்துகொள்ளுங்கள்!’ என்று ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்அப்பிலோ லிங்க் வந்தால் தட்டிவிடாதீர்கள். நீங்கள் விளையாட்டாகத் தரும் பதில் யார் கைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

உளவியலாளர்கள் மனித குணத்தை ஐந்து அளவுகோல்களில் அளக்கிறார்கள்: புதியதை நாடும் ஆர்வம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணங்கிப்போகும் தன்மை, எளிதில் பதறும் சுபாவம். ஐந்துமே எல்லோரிடமும் உண்டு. அளவுதான் ஆளுக்கு ஆள் வேறுபடும். இதை அளக்கும் பரிசோதனையில் ‘சின்ன விஷயத்துக்கும் எனக்குக் கவலை வந்துவிடும்’ என்பதுபோல் ஒரு வரி வரும். ‘முற்றிலும் சரி’ முதல் ‘முற்றிலும் தவறு’ வரை ஒன்றைத் தட்ட வேண்டும். ஆராய்ச்சிக்கு இது நல்ல கருவி. ஆனால் பதறுகிறவரை எதைச் சொல்லிப் பயமுறுத்தலாம், கலகலப்பானவரை எதைக் காட்டி இழுக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கும் இதே மதிப்பெண்தான் வேண்டும்.

இது வெறும் பயம் என்று தள்ளிவிடாதீர்கள். 2014-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் அலெக்சாண்டர் கோகனின் குணப் பரிசோதனை செயலியைச் சுமார் 3 லட்சம் பேர் நிறுவினார்கள். செயலியோ அவர்களுடைய நண்பர்களின் விவரங்களையும் சேர்த்து அள்ளியது. தேர்தல் பிரசார நிறுவனமான கேம்பிரிட்ஜ் அனலிடிகாவுக்கு அவை போய்ச் சேர்ந்தது 2018-ல் அம்பலமானது. பாதிக்கப்பட்டவர்கள் 8.7 கோடி பேர் வரை இருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது. இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் வெறும் 335 பேர். விவரம் பறிபோயிருக்கக்கூடியவர்களோ 5,62,455 பேர்! அதனால் எத்தனை ஓட்டு மாறியது என்பதில் இன்னும் வாதம் உண்டு. விவரம் கைமாறியதில் வாதமே இல்லை.

நண்பர்கள் விவரத்தை அள்ளும் அந்த வழியை ஃபேஸ்புக் பிறகு அடைத்துவிட்டது. ஆனாலும் நிம்மதி கொள்ள முடியாது. நீங்கள் போடும் லைக்குகளே உங்களைக் காட்டிக்கொடுக்கும். சுமார் 300 லைக் கிடைத்தால் போதும், ஒருவரின் குணத்தை அவருடைய கணவன் அல்லது மனைவியைவிடக் கணினி துல்லியமாகக் கணித்துவிடுகிறது என்று 2015-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

எனவே, இவற்றை இன்றே செய்யுங்கள்:

• ‘ஃபேஸ்புக் மூலம் உள்நுழைக’ என்று கேட்கும் எந்தக் குணப் பரிசோதனையையும் மூடிவிடுங்கள்.

• ஃபேஸ்புக் செட்டிங்ஸில் ‘ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்’ பகுதியைத் திறந்து, பயன்படுத்தாத செயலிகளை நீக்குங்கள்.

• பிறந்த தேதி, முதலில் படித்த பள்ளி, செல்லப்பெயர் ஆகியவற்றைக் கேட்கும் க்விஸ்களைத் தொடவே தொடாதீர்கள். பாஸ்வேர்டை மீட்கக் கேட்கப்படும் கேள்விகளும் இவையேதான்.

• குணத்தை அறிய உண்மையிலேயே விருப்பமா? தகுதி பெற்ற உளவியலாளரிடம் செல்லுங்கள்.

முக்கியமாக, வீட்டுப் பிள்ளைகளிடம் இதை இன்றே சொல்லுங்கள். பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். குணத்தை அப்படி மாற்ற முடியாது.