வெண்மை காட்டும் அமிலம்

முட்டையின் வெள்ளைக்கரு பச்சையாக இருக்கும்போது ஏறக்குறையக் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். சூடான தோசைக்கல்லில் ஊற்றியதும் வெள்ளையாகிவிடுகிறது. யாரும் அதில் சாயம் கலக்கவில்லை. அப்படியானால் அந்த நிறம் எங்கிருந்து வந்தது?

வெப்பத்தால் வெள்ளைக்கருவிலுள்ள புரத மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து திரள்கின்றன. அதுவரை ஊடுருவிச் சென்ற ஒளி, இப்போது இத்திரள்களில் பட்டு எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. எல்லா நிறங்களும் ஒருசேரச் சிதறுவதால் நம் கண்ணுக்கு வெண்மை தோன்றுகிறது. இந்த எளிய ஒளியியல் உண்மை, பெண்களின் உயிரைக் காக்கும் ஒரு சோதனைக்கும் அடிப்படையாக இருக்கிறது.

கருப்பையின் கீழ்ப்பகுதிக்குக் கருப்பை வாய் என்று பெயர். அங்கு தோன்றும் புற்றுநோயால் 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 80,000 பெண்கள் இறந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. எச்.பி.வி. என்னும் வைரசே இதற்குக் காரணம். இதைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹாசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். பெரும்பாலோரின் உடல் இந்த வைரசைத் தானே விரட்டிவிடும். சிலரிடம் மட்டும் அது தங்கி, செல்களை மெல்ல மெல்ல மாற்றுகிறது. மாறிய செல்கள் புற்றாக வளரப் பொதுவாகப் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இந்த நீண்ட இடைவெளிதான் நமக்குக் கிடைத்துள்ள வாய்ப்பு. ஆனால் அக்காலத்தில் வலியோ வேறு அறிகுறியோ பெரும்பாலும் இராது. ஆகவே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எப்படித் தேடுவது? பஞ்சைச் சுமார் 4 சதவீத அசெட்டிக் அமிலத்தில் நனைத்துக் கருப்பை வாயின் மேல் ஒற்றுகிறார்கள். ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரில் உள்ள அமிலம்தான் இது. மாறிய செல்களில் உட்கரு பெரிதாகவும் புரதம் மிகுதியாகவும் இருக்கும். அமிலம் பட்டதும் அப்புரதம் தற்காலிகமாகத் திரள, ஒளி சிதறி, அவ்விடம் ஓரிரு நிமிடத்தில் வெளுத்துத் தெரிகிறது. இயல்பான பகுதி இளஞ்சிவப்பாகவே இருக்கும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நல்ல விளக்கொளியும் பயிற்சி பெற்ற செவிலியரும் போதும்.

வெளுத்துத் தெரிந்தால் புற்றுநோய் என்று பொருளல்ல. அழற்சியாலும் வெளுக்கலாம். பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்து, தேவையானால் சிறு துணுக்குத் திசுவை எடுத்துச் சோதித்த பிறகே முடிவு சொல்வார்கள்.

இம்முறை உண்மையிலேயே பயன் தருமா? விடை நம் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. திண்டுக்கல் மாவட்டத்தில், 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள் 2000 முதல் 2003 வரை சோதனைக்கு அழைக்கப்பட்டனர். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேறு 30,958 பெண்களுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டும் தொடர்ந்தது. 2007இல் முடிவு வெளியாயிற்று. அழைக்கப்பட்ட குழுவில் நோய் 25 சதவீதமும், அதனால் நேர்ந்த இறப்பு 35 சதவீதமும் குறைவாக இருந்தன!

மாறிய செல்களை அழித்த முறையிலும் இயற்பியல் உண்டு. அழுத்தத்தில் அடைபட்ட வாயு சிறு துளை வழியே வெளிவந்து விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. நைட்ரஸ் ஆக்சைடு போன்ற வாயுவை இவ்வாறு விரியச் செய்து, ஓர் உலோக முனையைப் பனிக்கட்டியைவிட மிகக் கடுமையாகக் குளிர்விக்கிறார்கள். அம்முனையைச் சில நிமிடம் வைத்தால் செல்கள் உறைந்து மடிகின்றன. தக்கவர்களுக்குச் சோதனைக்கு வந்த அன்றே செவிலியர்கள் இச்சிகிச்சையை அளித்தனர். இன்னொரு நாள் வரச் சொன்னால் பலர் வரமாட்டார்கள் அல்லவா?

இங்கு ஒரு கணக்கைக் கவனியுங்கள். அழைக்கப்பட்ட 49,311 பேரில் வந்தவர்கள் 31,343 பேர். வராதவர்கள் 17,968 பேர்! சோதனை இருந்தும் அவர்களுக்குப் பயனில்லை. வாசுதேவநல்லூர் போன்ற ஊர்களில் வயல்வேலைக்குப் போகும் ஒரு தாய்க்கு, ஒரு நாள் கூலியை இழப்பது எளிதல்ல. கூச்சமும் உண்டு. "எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே, எதற்குச் சோதனை?" என்ற எண்ணமும் உண்டு. ஒன்றும் செய்யாத அந்தக் காலமே சோதனைக்கு உகந்த காலம் என்பதை நீங்கள் இப்போது அறிவீர்கள்.

30 முதல் 65 வயது வரையுள்ள பெண்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இச்சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று 2016இல் மத்திய அரசின் வழிகாட்டுதல் கூறியது. மார்பகப் பரிசோதனையும் அதில் அடங்கும். மார்பில் வலியில்லாத கட்டி தென்பட்டாலும் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வைரசையே நேரடியாகக் கண்டறியும் சோதனை இன்னும் நுட்பமானது. 2021 முதல் உலகச் சுகாதார நிறுவனம் அதையே முதன்மையாகப் பரிந்துரைக்கிறது.

உங்கள் வயதுப் பெண்களுக்கு இன்னொரு காப்பும் உண்டு. அது 9 முதல் 14 வயதுக்குள் போடத்தக்க எச்.பி.வி. தடுப்பூசி. வைரஸ் தொற்றும் முன்பே போடுவதால் முழுப்பயன் கிடைக்கிறது. எனினும் எல்லா வகை வைரசையும் அது தடுக்காது. ஊசி போட்டவர்களும் உரிய வயதில் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

உங்கள் அம்மாவும் அத்தையும் சித்தியும் இச்சோதனை செய்துகொண்டார்களா? தயங்கினால், தோசைக்கல்லில் வெள்ளைக்கரு வெளுப்பதைக் காட்டி விளக்கிச் சொல்லுங்கள். பிறகு, அரசு மருத்துவமனைக்கு அவர்கள் எந்த நாளில் போகலாம் என்பதையும் கேட்டறிந்து சொல்லுங்கள்.