பள்ளியின் கூரை யார் பொறுப்பு? எல்லைக் கிராமங்களில் இருவேறு விடைகள்

புது தில்லி: கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில், தமிழக எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பெருங்கடவிளை. இந்த ஊராட்சியில் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளியின் ஓடு உடைந்தால், ஊர்மக்கள் முதலில் கேள்வி கேட்பது தாங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினரைத்தான். எல்லைக்கு இப்பால், குமரி மாவட்டத்தின் விளவங்கோடு வட்டத்தில் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளியோ மாநிலக் கல்வித் துறைக்கு உரியது. ஊராட்சித் தலைவரிடம் முறையிடலாம். ஆனால் பள்ளி அவருடையதன்று.

1956 நவம்பர் 1 வரை இவ்விரு பகுதிகளும் ஒரே அரசின் கீழ் இருந்தவை. நெய்யாற்றின்கரையையும் தமிழகத்துடன் சேர்க்க வேண்டும் என்று நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. மாநில மறுசீரமைப்புக் குழு அதை ஏற்கவில்லை. விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு கிழிக்கப்பட்டபோது மொழியைப் பற்றிப் பேசியவர்கள் பலர். பள்ளிக்கூட நிர்வாகம் இரு வேறு வழிகளில் பிரியும் என்று அன்று எவரும் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

பழைய சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டுகள் பள்ளிகளை நடத்தின. அன்று சென்னை மாநிலத்தின் பகுதியாக இருந்த மலபாரில், 1954-இல் பி.டி. பாஸ்கரப் பணிக்கர் தலைமையில் அமைந்த மாவட்ட வாரியம் பள்ளிகளைத் திறப்பதில் காட்டிய வேகம் இன்றும் அங்கு நினைவுகூரப்படுகிறது. திருவிதாங்கூரில் அந்த மரபு இல்லை. அங்கு பள்ளி ஒன்று சர்க்காருடையது. அல்லது தனியார் மேலாளருடையது. குமரி மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில், தமிழகத்தின் பிற பகுதிகளில் காணப்படும் 'ஊராட்சி ஒன்றிய' என்னும் அடைமொழிக்குப் பதிலாகப் பெரும்பாலும் 'அரசு' என்றே இருப்பதற்கு இதுவே காரணம்.

1957-இல் கேரளக் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதாவில் உள்ளூர்க் கல்விக் குழுக்களுக்கும் இடம் இருந்தது. ஆனால் நாட்டை உலுக்கிய விவாதம் வேறு. தனியார் மேலாளர்களின் அதிகாரம் குறித்த சர்ச்சை குடியரசுத் தலைவர் வழியாக உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த ஆரவாரத்தில் உள்ளூர்க் குழு என்ற கருத்து அமுங்கிப் போயிற்று.

அது மீண்டும் தலைதூக்கியது தில்லியில். ராஜீவ் காந்தி அரசின் 64-ஆவது திருத்த மசோதா 1989-இல் மாநிலங்களவையில் தோற்றது. பின்னர் 1992 டிசம்பரில் நிறைவேறிய 73-ஆவது திருத்தம் அரசியல் சட்டத்தில் 11-ஆவது அட்டவணையைச் சேர்த்தது. அதன் 17-ஆவது இனம் தொடக்க, இடைநிலைப் பள்ளிகள் உள்ளிட்ட கல்வி. ஆயினும் 243ஜி பிரிவு மாநிலங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. சட்டமன்றங்கள் விரும்பினால் அதிகாரம் அளிக்கலாம் என்று மட்டுமே சொல்கிறது. 'அளிக்கலாம்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் இரு மாநிலங்களும் பிரிந்தன.

கேரளம் 1995 அக்டோபர் 2 முதல் பள்ளிகளை உள்ளாட்சிகளுக்கு மாற்றியது. ஊரகப் பகுதிகளில் அரசுத் தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் கிராம ஊராட்சிக்கு. உயர்நிலைப் பள்ளிகள் மாவட்ட ஊராட்சிக்கு. 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் இதற்குப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்தது. ஊராட்சித் திட்டத்தில் பள்ளிக்கு ஒதுக்கப்படும் பணியை நிறைவேற்றும் அலுவலர் தலைமை ஆசிரியர்.

பெருங்கடவிளையின் நிலை இதில் சற்று விசித்திரமானது. கிராம ஊராட்சிக்கும் வட்டார ஊராட்சிக்கும் இதே பெயர். அம்பூரி, வெள்ளறடை, குன்னத்துகால் உள்ளிட்ட எல்லை ஊராட்சிகளையும் சேர்த்து எட்டு கிராம ஊராட்சிகள் வட்டாரத்தில் அடங்கும். ஆனால் பள்ளிகளைப் பொறுத்தவரை வட்டார ஊராட்சிக்கு நிர்வாக அதிகாரம் இல்லை. சிறு பள்ளிகள் அதற்குக் கீழே. பெரிய பள்ளிகள் அதற்கு மேலே, திருவனந்தபுரத்தில்.

ஊராட்சியின் அதிகாரத்துக்கும் எல்லை உண்டு. ஆசிரியர் நியமனம், ஊதியம், இடமாற்றம், பாடத்திட்டம் ஆகியவை மாநில அரசிடமே இருக்கின்றன. சுவர் ஊராட்சியுடையது, சுவருக்குள் நிற்கும் ஆசிரியர் அரசுடையவர். மேலும், 2017-இல் தொடங்கிய பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்தின் கீழ், சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு பள்ளி என்ற கணக்கில் தலா ரூ.5 கோடி செலவிடும் திட்டம் வந்தது. அப்பணம் கிஃப்பி நிறுவனம் வழியாக வந்தது. பெரிய கட்டடங்கள் எழுந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் பெரும்பணம் ஊராட்சியின் தலைக்கு மேலே சென்றுவிட, கழிப்பறையும் பெஞ்சும் ஓடும் மட்டுமே அதற்கு மிஞ்சின என்ற குறையில் நியாயம் இருக்கிறது.

பொறுப்பு பலரிடம் சிதறிக் கிடப்பதன் விலை சாதாரணமானதன்று. 2019 நவம்பரில் வயநாட்டின் சுல்தான் பத்தேரி அரசுப் பள்ளியில், வகுப்பறைத் தரையின் பொந்தில் இருந்த பாம்பு கடித்து 5-ஆம் வகுப்பு மாணவி இறந்தார். 2025 ஜூலையில் கொல்லம் மாவட்டம் தேவலக்கரையில், அரசு உதவி பெறும் பள்ளியின் சைக்கிள் கொட்டகைக்கு மேலே சென்ற மின்கம்பியில் பட்டு 8-ஆம் வகுப்பு மாணவர் உயிரிழந்தார். மேலாளரை நீக்கிய அரசு, அப்பள்ளியின் நிர்வாகத்தைத் தானே ஏற்றது. கேரளப் பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை இத்தகைய உதவி பெறும் பள்ளிகள். அவற்றை ஊராட்சி நிர்வகிப்பதில்லை.

தமிழகம் எதிர்த்திசையில் சென்றது. 1981 ஜூன் 1 முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாயினர். ஒன்றியத் தலைவர்களின் தயவில் இருந்த ஆசிரியர்களுக்கு அது விடுதலை என்றே கருதப்பட்டது. அக்கருத்தில் உண்மையும் உண்டு. ஆனால் தலைவரின் தலையீட்டோடு ஊராரின் மேற்பார்வையும் போயிற்று. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், நான்கில் மூன்று பங்கு பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களை ஏற்படுத்தி அவ்விடத்தை நிரப்ப முயன்றது. அக்குழு திட்டம் தயாரிக்கலாம். வரி விதிக்கவோ கட்டடத்துக்கு நிதி திரட்டவோ அதற்கு ஊராட்சியைப் போன்ற அதிகாரம் இல்லை.

தில்லியில் நடக்கும் நிதிச் சண்டையிலும் ஊராட்சி ஒரு தரப்பன்று. பி.எம். ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது மத்திய அமைச்சகமும் மாநில அரசும்தான். அதில் கையெழுத்திடாத தமிழகம், ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் ரூ.2,151.59 கோடி நிறுத்திவைக்கப்பட்டதாகக் கூறி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தை நாடியது. கேரளம் அதே ஆண்டு அக்டோபரில் கையெழுத்திட்டு, கூட்டணிக் கட்சியான இந்திய கம்யூனிஸ்டின் எதிர்ப்பால் சில நாள்களிலேயே அதை நிறுத்திவைத்தது. வெள்ளறடையிலோ களியக்காவிளையிலோ கூரை ஒழுகும் வகுப்பறைக்கு இச்சண்டையில் வாதாடும் வக்கீல் இல்லை.

2025 டிசம்பர் 9-ஆம் தேதி திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பெருங்கடவிளைக்கும் புதிய உறுப்பினர்கள் கிடைத்தனர். எல்லைக்கு இப்பால், குமரி மாவட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியே முடிந்துவிட்டது. அவ்வாண்டு முழுவதும் அங்கு நிர்வாகத்தை நடத்தியவர்கள் அரசு நியமித்த தனி அலுவலர்கள்.