வாய்ப்புக்குப் பின்னால் வரும் தைரியம்

சிவகங்கைப் பக்கம் பள்ளி ஆண்டு விழா என்றால் மேடையில் ஒரு வேலுநாச்சியார் இல்லாமல் இருப்பது அபூர்வம். அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய வாளை உயர்த்தி, ஆறாவதோ ஏழாவதோ படிக்கும் சிறுமி வசனத்தை முழங்கி முடித்ததும் கைதட்டல் அதிரும். யாராவது ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்து, "ஆம்பளைப் பிள்ளை மாதிரி என்ன தைரியம் பாருங்க!" என்று மெச்சுவார். மனசார வரும் பாராட்டுதான். ஆனால் கீழே உட்கார்ந்திருக்கும் மற்ற சிறுமிகளுக்கு அது என்ன சொல்கிறது? தைரியம் ஆண்களின் சொத்து, உங்களில் ஒருத்திக்கு அது இரவலாகக் கிடைத்திருக்கிறது என்கிறது.

வேலுநாச்சியாரின் வாழ்க்கை சொல்வது வேறு. 1730இல் ராமநாதபுரம் சேதுபதி அரண்மனையில் பிறந்தவர். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் அவருக்கு வாளும் குதிரையும் பல மொழிகளும் பழக்கப்பட்டன. 1772இல் காளையார்கோவிலில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை சிவகங்கை மன்னரான கணவர் முத்துவடுகநாதரைக் கொன்றபோது, மகளோடு தப்பி விருப்பாச்சியில் அடைக்கலம் புகுந்தார். ஹைதர் அலியின் உதவியைப் பெற்று, மருது சகோதரர்களைத் துணைகொண்டு, படை திரட்டி, 1780இல் சிவகங்கையை மீட்டார். அந்த எட்டு ஆண்டுகளைத் தாங்கிய உறுதிக்குப் பின்னால் இளமையிலேயே கிடைத்த பயிற்சி இருக்கிறது. ஒரு தம்பி பிறந்திருந்தால் அந்தப் பயிற்சி யாருக்குப் போயிருக்கும்? அப்படிப் பயிற்சி கிடைக்காமலே போன பெண்கள் எத்தனை பேர்?

கதைகள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் சொந்தமாகத் தயாரித்து 1959இல் வெளிவந்த 'சிவகங்கைச் சீமை', மருது சகோதரர்களை நடுவில் நிறுத்திய படம். மண்ணை மீட்ட அரசிக்கு அப்படியொரு படம் அன்று அமையவில்லை. அதன்பின் திரையில் நாம் அதிகம் பார்த்தவள் 'அடங்காத' பெண். 'பட்டிக்காடா பட்டணமா' (1972), 'மன்னன்' (1992), 'படையப்பா' (1999) என்று வரிசையாக வெற்றிப் படங்கள். படித்த பெண், நிறுவனத்தை நடத்தும் பெண், தோல்வியை ஏற்காத பெண் என்று ஆள் மாறினாலும் முடிவு மாறுவதில்லை. கணவனிடம் அடங்குகிறாள், அல்லது வேலையை விட்டு வீட்டுக்குத் திரும்புகிறாள், அல்லது செத்துப்போகிறாள். தன்னை நம்பும் பெண்ணுக்குப் பெயர் திமிர் என்று தலைமுறை தலைமுறையாகச் சிறுமிகள் விசிலுக்கும் கைதட்டலுக்கும் நடுவே உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள்.

கற்றுக்கொள்ளும் வயதும் மிகச் சிறியது. அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2017இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஐந்து வயதில் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் 'ரொம்பப் புத்திசாலி' என்று தங்கள் பாலினத்தையே ஒரே அளவில் காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் பெண் பிள்ளைகள் அப்படிக் காட்டுவது குறைந்துவிட்டது. 'ரொம்பப் புத்திசாலிகளுக்கான விளையாட்டு' என்று சொன்னால் அதில் சேரும் ஆசையும் அவர்களுக்குக் குறைந்தது. பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்குவது பெண் பிள்ளைகள்தான் என்று அதே சிறுமிகள் சொன்னார்கள். திறமை கண்ணுக்குத் தெரிகிறது. அது தன்னுடையது என்ற நினைப்புதான் நழுவிப்போகிறது.

இதைக் காரைக்குடியில் நேரிலேயே பார்க்கலாம். கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் செய்து கொடுக்கும் ஓர் ஆச்சியிடம் பேசிக்கொண்டிருந்தேன். எத்தனை கிலோ மணகோலம், எவ்வளவு தேன்குழல் என்று நான் சொல்லச் சொல்ல, பச்சரிசி, உளுந்து, கடலை எண்ணெயின் அன்றைய விலை, அடுப்பில் நிற்கும் ஆட்களின் கூலி, கிலோவுக்கு எவ்வளவு நிற்கும் என்பதெல்லாம் காகிதமே இல்லாமல் வந்து விழுந்தன. "கணக்கு வழக்கெல்லாம் நீங்களே பாத்துக்குவீங்களா ஆச்சி?" என்றேன். "அதெல்லாம் அவுக பாத்துக்குவாக. நமக்கு என்னத்தத் தெரியும்?" என்றார்.

இந்தப் பதிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. காரைக்குடிப் பக்கத்து வணிகச் சமூகமான நகரத்தாரின் ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போய் ஆண்டுக்கணக்கில் தங்கிய காலத்தில், இங்கே பெரிய வீடுகளையும் பிள்ளைகளையும் விசேஷங்களையும் சீர் செனத்தியையும் தாங்கியவர்கள் ஆச்சிமார்கள். பெண்களின் சீர்ப்பணம் கடல் கடந்த வட்டிக்கடைகளில் முதலாகப் புழங்கியது. ஆனால் ஆண் செய்தது தொழில். பெண் செய்தது வீட்டு வேலை. பெயர் கிடைக்காத திறமை நாளடைவில் உடையவளுக்கே தெரியாமல் போய்விடுகிறது.

இதற்கு மருந்து என்ன? 'தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்' என்று பெண்களுக்கு அறிவுரை சொல்வது சுலபம். அந்த அறிவுரை, குறை அவளிடம் இருப்பதாகச் சொல்லி மறுபடியும் அவளையே குத்துகிறது. பக்கத்து மாவட்டம் வேறு வழி காட்டியது. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். ஒன்றரை ஆண்டுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. தெருவில் கேலி இருந்தது, கொச்சைப் பேச்சு இருந்தது. அவர்கள் தைரியம் வரட்டும் என்று காத்திருந்து ஏறவில்லை. ஏறினார்கள், விழுந்தார்கள், முட்டியில் சிராய்ப்போடு மறுபடி ஏறினார்கள். தண்ணீர் எடுக்கவும் விளைந்ததை விற்கவும் பஸ்ஸையும் ஆண்களையும் எதிர்பார்த்து நின்ற நிலை மாறியபோது தைரியம் தானே வந்தது.

மேற்கு வங்காளத்தில் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வு இதையே எண்களில் காட்டுகிறது. ஊராட்சித் தலைவர் பதவி இரண்டு முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட கிராமங்களில், மகனுக்கும் மகளுக்கும் பெற்றோர் காணும் கனவில் இருந்த இடைவெளி 25 சதவீதம் குறைந்திருந்தது. 11 முதல் 15 வயதுப் பிள்ளைகளின் சொந்தக் கனவுகளில் 32 சதவீதம் குறைந்திருந்தது. யாரும் அந்தச் சிறுமிகளுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கவில்லை. நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். தமிழ்நாட்டிலும் 2016 முதல் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு உரியது. அந்த நாற்காலியில் தலைவியின் கணவர் உட்கார்ந்தால், ஊர்ச் சிறுமிகள் கற்பது பழைய பாடம்தான்.

ஆகவே பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். உன்னால் முடியுமா என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். கடைக் கணக்கு நோட்டை அவள் கையில் கொடுங்கள். பாங்குக்கு அவளை அனுப்புங்கள். தவறினால் அண்ணனுக்குத் தரும் அதே பொறுமையோடு இன்னொரு முறை கொடுங்கள். நன்றாகச் செய்தால், அவள் பெயரைச் சொல்லியே பாராட்டுங்கள். ஆண் பிள்ளையின் பெயரை இரவல் வாங்க வேண்டாம். வேலுநாச்சியாருக்கு வாள் பழக்கியவர்கள் அவருக்கு வீரம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. நாமும் காத்திருக்கத் தேவையில்லை.